நன்றாக இருக்கும் கண்ணுக்கு எதற்கு லேசர்?

கேள்வி: டாக்டர், நாங்கள் நிலக்கோட்டைப் பக்கம். அம்மாவுக்கு 58 வயது. வீட்டில் உட்கார்ந்து பூ கட்டிக் கொடுக்கிறார். சின்ன வயதிலிருந்தே பிளஸ் பவர் கண்ணாடி போடுகிறவர். ஒரு வருடமாகச் சாயங்காலம் ஆனால் இடது புருவத்துக்கு மேல் வலிக்கிறது என்பார். வாசல் விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது என்பார். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள். கண்ணாடிக் கடையில் பவரை மாற்றிக் கொடுத்தார்கள். போன மாதம் ஒரு ராத்திரி தாங்க முடியாத வலி, விடாமல் வாந்தி. பித்தம் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் இடது கண் சிவந்து, பார்வை புகை மூட்டமாகிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். கண் அழுத்தம் 54 என்றார்கள். மருந்து ஏற்றி, மூன்றாம் நாள் லேசர் செய்தார்கள். இப்போது வலி இல்லை. ஆனால் வலது கண்ணுக்கும் லேசர் வேண்டும், பிற்பாடு லென்ஸை எடுக்கவும் வேண்டி வரலாம் என்கிறார்கள். வலது கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லை. அழுத்தமும் 16தான். “நல்லா இருக்கிற கண்ணை எதுக்குச் சீண்டணும்?” என்கிறார் மாமா. தை முகூர்த்தமெல்லாம் முடியட்டும் என்கிறார் அம்மா. என்ன செய்வது? இடது கண்ணில் பார்வை முழுதாகத் திரும்புமா? இது எனக்கும் வருமா?
— வாசகி, வயது 33, திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். வலது கண்ணுக்கான லேசரைத் தை முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரத்திலேயே அம்மாவை மதுரைக்கு அழைத்துப் போங்கள். இந்தப் பதிலை இந்த இடத்திலேயே மூடி வைத்துவிட்டுக் கிளம்பினாலும் எனக்குச் சம்மதம். மிச்சத்தைப் பேருந்தில் படித்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு வந்திருப்பது கிளாக்கோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்கிறோம். அதிலும் கோணம் அடைபடுகிற வகை. பெயரில் ‘நீர்’ இருப்பதால் கண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள். இது கண்ணுக்கு உள்ளேயே ஊறி உள்ளேயே வடிகிற தெளிந்த நீர். கண்ணில் கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரியும் வட்டத்திரைக்கு ஐரிஸ் என்று பெயர். அதன் நடுவில் இருக்கும் துளையைத்தான் பாப்பா என்கிறோம். நீர் ஐரிஸுக்குப் பின்னால் ஊறுகிறது. ஐரிஸுக்குப் பின்னால் இயற்கையாகவே இருக்கும் லென்ஸுக்கும் ஐரிஸுக்கும் நடுவே நுழைந்து, பாப்பா வழியாக முன்பக்கம் வருகிறது. ஐரிஸின் வெளி விளிம்பும் கண்ணாடி போன்ற கார்னியாவும் சேருகிற மூலைதான் ‘கோணம்’. அங்கே சல்லடை போல ஒரு வடிகால் இருக்கிறது. நீர் அதன் வழியே வெளியேறி ரத்தத்தில் கலந்துவிடும். இந்த ஊற்றும் வடிகாலும் சமமாக இருக்கும்வரை கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய 10 முதல் 21 வரை நிற்கும்.

அம்மாவின் கண் பிறவியிலேயே சற்றுச் சின்னது. பிளஸ் பவர் கண்ணாடி என்று நீங்கள் எழுதியதுமே எனக்கு அது பிடிபட்டுவிட்டது. சின்னக் கண்ணில் அந்த மூலையும் குறுகலாகத்தான் இருக்கும். வயது ஏற ஏற லென்ஸ் தடிக்கிறது, ஐரிஸை முன்னால் தள்ளுகிறது. ஐம்பதைத் தாண்டும்போது பாப்பாவின் விளிம்பு லென்ஸோடு ஒட்டி உரசத் தொடங்குகிறது. பின்னால் ஊறிய நீருக்கு முன்னால் வர வழி குறைகிறது. அந்த நீரின் விசையில் ஐரிஸ் காற்றுப் பிடித்த படகுப் பாய் போல முன்பக்கம் உப்பி, வடிகாலின் வாயை மூடுகிறது. மடை அடைபட்டது தெரியாமல் வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? வடிகால் மூடினாலும் கண்ணுக்குள் நீர் ஊறுவது நிற்பதில்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முன்பக்க நீர் முழுவதும் புதிதாக மாறிவிடும் வேகத்தில் அது ஊறுகிறது. அதனால்தான் சில மணி நேரத்துக்குள் அழுத்தம் 54 வரை ஏறியது.

சரி, ஏன் சாயங்காலம் மட்டும்?

பாப்பா நல்ல வெளிச்சத்தில் சுருங்கும், இருட்டில் விரியும். முழுதாகச் சுருங்கினாலும் ஆபத்தில்லை, முழுதாக விரிந்தாலும் ஆபத்து குறைவுதான். இரண்டுக்கும் நடுவே, பாதி விரிந்த நிலையில்தான் அது லென்ஸோடு இறுக்கமாகப் பொருந்தி நீரைத் தடுக்கிறது. பொழுது சாய்ந்து, விளக்கு போட்டும் போடாமலும் இருக்கும் நேரத்தில் கண் இருப்பது அந்த நிலையில்தான். அம்மா அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்திருப்பார்? கூடையை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மங்கிய வெளிச்சத்தில் பூ கட்டிக்கொண்டிருந்திருப்பார். தலை குனியும்போது லென்ஸ் தன் எடையாலேயே இன்னும் ஒரு மயிரிழை முன்னால் நகரும். இந்த நோய்க்கென்று ஒரு பழைய சோதனை இருந்தது. நோயாளியை இருட்டறையில் குப்புறப் படுக்கவைத்து, அழுத்தம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் அம்மா ஒரு வருடமாகத் தினமும் திண்ணையில் ஏறக்குறைய அந்தச் சோதனையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அழுத்தம் ஏறியதும் கார்னியா நீர் கோத்துக்கொள்கிறது. அந்த நீர்த்திவலைகள் விளக்கின் ஒளியை நிறம் பிரிக்கின்றன. அதுதான் அம்மா பார்த்த வானவில். பிறகு படுத்துத் தூங்குகிறார். தூக்கத்தில் பாப்பா சுருங்குகிறது, ஐரிஸ் பின்னால் இழுபடுகிறது, வடிகால் திறக்கிறது. காலையில் எல்லாம் சரியாகிவிடுகிறது. தூங்கினால் தீரும் வலி என்றாலே ஒற்றைத் தலைவலி என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு, ஒரே பக்கமாக, மங்கிய நேரத்தில், நிற வட்டத்தோடும் கலங்கிய பார்வையோடும் வலி வந்து போகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்ணைத்தான். கண்புரை இருப்பவர்களுக்கும் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். ஆனால் அது வலியோடு வந்து, தூங்கியதும் மறைந்துபோவதில்லை.

அந்த இரவு ஊசி போட்டு அனுப்பியவர்கள் மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். கடிதத்தில் அது தெரிகிறது. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது பொது வார்டில் ஒரு பாட்டி இரண்டு நாள் வாந்தியோடு கிடந்தார். வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தோம், இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்தோம். “தலை வெடிக்குது சாமி” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சிவந்த கண்ணை அழுததால் சிவந்தது என்று எடுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் ஒரு செவிலியர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு பாப்பா அசையவே இல்லை என்று வந்து சொன்னார். அதற்குள் அந்தக் கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் தெரிந்தது. நான் கண் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்தப் பாட்டியும் ஒரு காரணம். கடுமையான கண்வலியே வாந்தியையும் தூண்டிவிடுவதால் இந்த நோய் வயிற்றுக் கோளாறு போலவே வேஷம் போடும். இதைப் படிக்கும் பொது மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாந்தியும் தலைவலியுமாக ஒரு நடுவயதுப் பெண் வந்தால், இரண்டு கண்ணிலும் ஒருமுறை டார்ச் அடித்துவிடுங்கள். சிவந்த கண், மங்கிய கார்னியா, பாதி விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காத பாப்பா. மூடிய இமைமேல் விரலால் மெல்ல அழுத்தினால் கண் கோலிக்குண்டு போல இறுகியிருக்கும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மதுரையில் அம்மாவுக்குச் செய்தது முறையான சிகிச்சை. அசெட்டசோலமைடு என்ற மருந்து நீர் ஊறுவதைக் குறைக்கும். மேனிட்டால் ரத்தநாளத்தில் ஏற்றினால் கண்ணுக்குள் இருக்கும் நீரை இழுத்து வெளியே கொண்டுவரும். கூடவே சொட்டு மருந்துகள். அழுத்தம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் பாப்பாவைச் சுருக்கும் பைலோகார்பின் வேலை செய்யும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது ஐரிஸின் தசைக்கே ரத்த ஓட்டம் சரியாக இருக்காது, மருந்துக்கு அசையாது. கார்னியாவின் மூட்டம் தெளிந்தால்தான் லேசர் குறி பார்த்து விழும். மூன்று நாள் காத்திருந்தது அதற்காகத்தான். அந்த மாத்திரை சாப்பிட்ட நாட்களில் விரல் நுனி மரத்து ஊசி குத்துவது போல இருந்திருக்கும், அடிக்கடிச் சிறுநீர் போயிருக்கும். அது மருந்தின் குணம்தான், பயப்பட வேண்டாம். சிறுநீரகக் கோளாறோ சல்ஃபா மருந்து ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் கட்டாயம் சொல்லிவிடுங்கள். டிமோலால் என்ற சொட்டு மருந்து கொடுத்திருந்தால், ஆஸ்துமா இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். சொட்டு மருந்துதானே என்று பலர் மறைத்துவிடுகிறார்கள்.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருகிறேன். நியாயமான கேள்விதான்.

வலது கண்ணில் அழுத்தம் 16 என்பது அளந்த அந்த நிமிடத்தின் கணக்கு. இடது கண்ணிலும் போன வருடம் பகல் 11 மணிக்கு அளந்திருந்தால் 16 என்றே வந்திருக்கும். இரண்டு கண்ணும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றில் குறுகலாக இருக்கும் கோணம் மற்றதிலும் குறுகலாகவே இருக்கும். ஒரு கண்ணில் இப்படித் திடீர்த் தாக்குதல் வந்தவருக்கு, மற்ற கண்ணை அப்படியே விட்டால், 5 ஆண்டுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதிலும் வந்துவிடுகிறது. அதனால் மற்ற கண்ணுக்கு லேசர் என்பது இன்று உலகம் முழுவதும் கண் மருத்துவர்கள் மாற்றுக் கருத்தில்லாமல் செய்வது.

ஆனால் மாமா சொல்வதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். குறுகலான கோணம் இருக்கும் எல்லோருக்கும் லேசர் தேவையா என்றால், தேவையில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் 889 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரண்டு கண்ணிலும் கோணம் குறுகியிருந்தாலும் வேறு பாதிப்பு வராதவர்கள் அவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் லேசர் செய்து, மற்றதை விட்டுவிட்டு, 6 ஆண்டு கவனித்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. லேசர் செய்த கண்களில் பாதிப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் லேசர் செய்யாத கண்களிலும் பாதிப்பு மிகக் குறைவாகவே இருந்தது. அதனால் அப்படிப்பட்டவர்கள் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு லேசர் செய்ய வேண்டாம், தவறாமல் பார்த்துவந்தால் போதும் என்று சொன்னார்கள். அதேசமயம் நம் வேலூரில் இப்படிக் குறுகிய கோணம் உள்ளவர்களை 5 ஆண்டு கழித்துத் திரும்பப் பார்த்தபோது, ஐந்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் அடுத்த கட்டத்துக்கு, அதாவது கோணம் அடைபடத் தொடங்கும் நிலைக்குப் போயிருந்தார்கள். ஆள் எண்ணிக்கை சிறியது என்றாலும், நம் ஊர்க் கண்களைப் பற்றிய கணக்கு அது. மருத்துவமனை தூரத்தில் இருக்கிறவருக்கும், அடிக்கடி வந்து காட்ட முடியாதவருக்கும், குடும்பத்தில் இந்த நோய் இருப்பவருக்கும் நான் லேசரையே சொல்வேன். உங்கள் அம்மா இந்த விவாதத்துக்குள்ளேயே வரமாட்டார். அவருக்கு ஒரு கண்ணில் வந்தே விட்டது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். நன்றாக இருக்கும் கண் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

லேசர் என்றதும் அம்மா பயப்படுவாராக இருந்தால், இடது கண்ணுக்குச் செய்தபோது இருந்த நிலைமை வேறு என்று சொல்லுங்கள். அப்போது வீங்கி வலித்துக்கொண்டிருந்த கண். இப்போது அமைதியான கண், இன்னும் சுலபம். முதலில் பாப்பாவைச் சுருக்கும் சொட்டு விடுவார்கள். அதில் புருவம் கொஞ்ச நேரம் வலிக்கும். மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்ணில் ஒரு சின்ன லென்ஸை வைத்து, ஐரிஸின் ஓரத்தில் யாக் லேசரால் ஒரு துளை போடுவார்கள். கால் மில்லிமீட்டருக்கும் குறைவான துளை. உட்கார்ந்தபடியே சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாப்பா அடைத்துக்கொண்டாலும் நீர் இந்தத் துளை வழியாக முன்னால் வந்துவிடும். ஐரிஸ் இனி உப்பாது. ஒரு மணி நேரம் கழித்து அழுத்தம் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். சிலருக்கு ஒரு சொட்டு ரத்தம் கசியும், அழுத்தம் தற்காலிகமாக ஏறும். அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம். சிலருக்குப் பார்வையில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று தெரியலாம். பெரும்பாலானோருக்கு அது பழகிவிடும். ஒரு வாரம்போல வீக்கம் குறைக்கும் சொட்டு விட வேண்டியிருக்கும். மறுநாள் அம்மா பூ கட்ட உட்கார்ந்துவிடலாம், முகூர்த்தத்துக்கு ஒரு முழம்கூடக் குறையாது.

ஐரிஸில் ஒரு வழி திறந்துவிட்டால் இந்த நோயை அடக்கலாம் என்று 1857-இல் காட்டியவர் பெர்லினைச் சேர்ந்த ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே. அவர் கத்தியால் ஐரிஸில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து வந்து பத்துப் பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இந்தக் கண்வலி வந்தவர்கள் வலியோடே குருடாவதைத் தவிர வேறு வழியில்லை. அன்று வெட்டித் திறந்த வழியைத்தான் இன்று ஒளியால் திறக்கிறோம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைந்துவிடும்.

லேசர் செய்துவிட்டால் கதை முடிந்ததா? இல்லை. இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். துளை போட்ட பிறகு கோணம் உண்மையில் திறந்ததா என்று திரும்பப் பார்க்க வேண்டும். அதற்குக் கோனியோஸ்கோபி என்று பெயர். கண்ணாடிகள் பதித்த ஒரு லென்ஸைக் கண்மேல் வைத்து, இருட்டறையில் அந்த மூலையை நேரடியாகப் பார்க்கிற சோதனை. வலிக்காது. கோணத்தைப் பார்க்காமல், அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு ‘கிளாக்கோமா இல்லை’ என்று சொன்னால் அது பாதிச் சோதனைதான். பவர் பார்க்கும் கண்ணாடிக் கடையில் இது கிடையாது. பல முகாம்களிலும் கிடையாது. இதைச் செய்யாமல் விடுவதால் கோணம் அடைபடும் வகையைத் திறந்த கோண வகை என்று எழுதிவிட்டு, வெறும் சொட்டு மருந்தை வருடக்கணக்காகக் கொடுத்த சீட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்தக் கண்களுக்குத் தேவைப்பட்டது ஒரு சின்னத் துளைதான். அதனால் எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும் “கோணம் பார்த்தாச்சா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

லென்ஸை எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னது ஏன் என்பதும் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். இடத்தை அடைத்துக்கொண்டு ஐரிஸைத் தள்ளுவது தடித்த லென்ஸ்தான். அதை எடுத்துவிட்டு மெல்லிய செயற்கை லென்ஸை வைத்தால் கோணம் விசாலமாகிவிடும். 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஈகிள் ஆய்வு 5 நாடுகளில் 419 பேரிடம் இதைச் சோதித்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள், கண்புரை இல்லாதவர்கள், ஆனால் கோணம் அடைபட்டு அழுத்தம் மிக அதிகமாக இருந்தவர்கள் அல்லது நரம்பு பாதித்தவர்கள். அவர்களில் லென்ஸை எடுத்தவர்களுக்கு, லேசரில் தொடங்கியவர்களைவிட அழுத்தமும் நன்றாகக் கட்டுப்பட்டது, அன்றாட வாழ்க்கையும் நன்றாக இருந்தது, பிற்பாடு வேறு சிகிச்சையும் குறைவாகவே தேவைப்பட்டது. அதனால் உங்கள் மருத்துவர் சொல்வது பணத்துக்காகச் சொல்வதில்லை. ஆனால் தாக்குதல் அடங்கி, கண் முழுக்க ஆறிய பிறகு செய்தால் போதும். இடது கண்ணுக்கு அது நல்ல முடிவாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அம்மாவின் கனமான பிளஸ் கண்ணாடியும் அதோடு குறைந்துவிடும்.

இடது கண் பார்வையைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். மங்கலில் இரண்டு பங்கு இருக்கிறது. கார்னியாவில் நீர் கோத்ததால் வந்த மூட்டம் முதல் பங்கு. அது வாரக்கணக்கில் தெளிந்துகொண்டே வரும், பெரும்பகுதி தெளிந்துவிடும். மற்றது பார்வை நரம்புக்கு நேர்ந்த சேதம். ஒரு பகலும் இரவும் 54 அழுத்தத்தைத் தாங்கிய நரம்பில் செத்த இழைகள் திரும்ப முளைப்பதில்லை. எந்தச் சொட்டும், எந்த அறுவை சிகிச்சையும், எந்த மூலிகையும் அவற்றைத் திருப்பிக் கொண்டுவராது. எவ்வளவு போயிருக்கிறது என்பதைத் தாக்குதல் முடிந்த சூட்டில் அளக்க முடியாது. ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்வைப் பரப்புச் சோதனையும் நரம்பின் ஸ்கேனும் எடுக்கும்போதுதான் சரியாகத் தெரியும். அதுவரை அம்மாவிடம் ‘முழுசாத் திரும்பிடும்’ என்றோ ‘போயிடுச்சு’ என்றோ சொல்ல வேண்டாம். அந்தக் கண்ணின் பாப்பா கொஞ்சம் பெரிதாகவே நின்றுவிடலாம், வெயில் கூசலாம். தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ போட்டால் போதும். தினசரி சொட்டு மருந்து வாழ்நாள் முழுவதும் வேண்டுமா என்பது கோணத்தில் எவ்வளவு நிரந்தரமாக ஒட்டிப்போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதையும் கோனியோஸ்கோபிதான் சொல்லும்.

மருந்துகள் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். பாப்பாவை விரிக்கும் எந்த மருந்தும் குறுகிய கோணத்தை மூடிவிடலாம். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில், வயிற்று வலிக்குக் கொடுக்கும் டைசைக்ளோமினில், சிறுநீர்ப்பையை அடக்கும் மாத்திரைகளில், இழுப்புக்கு நெபுலைசரில் புகையாகக் கொடுக்கும் இப்ராட்ரோப்பியத்தில் இந்தக் குணம் உண்டு. தலைவலிக்குக் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலினிலும் உண்டு. ஒற்றைத் தலைவலிக்கான டோப்பிரமேட் வேறு விதமாக, கண்ணின் பின்பக்கம் வீங்கவைத்து, இரண்டு கண்ணையும் ஒன்றாக அடைத்துவிடும். அதற்கு லேசர் உதவாது, மருந்தை நிறுத்துவதுதான் வைத்தியம். அம்மாவுக்குத் தலைவலிக்கு என்ன மாத்திரை கொடுத்தார்கள், அந்த இரவு என்ன ஊசி போட்டார்கள் என்று சீட்டைத் தேடி எடுத்துக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். யார்மீதும் குற்றம் சொல்வதற்காக இல்லை, அடுத்த முறை தவிர்ப்பதற்காக. வலது கண்ணுக்கு லேசர் முடியும்வரை கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை எதுவும் வேண்டாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்த வேண்டியதில்லை. லேசர் முடிந்து கோணம் திறந்துவிட்டது என்று உறுதியானால், இந்தத் தடைகளில் பெரும்பாலானவை நீங்கிவிடும்.

அம்மா பூ வேலை செய்கிறவர் என்பதால் இன்னொன்று. சிவன் கோயிலுக்கு ஊமத்தம்பூ கட்டுவது உண்டா? அந்தச் செடி முழுவதிலும் பாப்பாவை விரிக்கும் அட்ரோபின் வகைச் சத்து இருக்கிறது. அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினாலே போதும். கட்டி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் முகத்தில் கை வைக்க வேண்டும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யாராவது அன்போடு கொண்டுவந்தால், அன்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை செய்யப்போகும் கண்ணில் கிருமி சேரக் கூடாது.

உங்களுக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணின் அமைப்பு குடும்பத்தில் இறங்கும். அதனால் மற்றவர்களைவிட உங்களுக்கு வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் 33 வயதில் பதற வேண்டாம். ஒருமுறை கோணத்தைப் பார்த்துவிட்டு, 40-க்கு மேல் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து பார்த்தால் போதும். உங்களுக்கு மைனஸ் பவர் என்றால் ஆபத்து இன்னும் குறைவு. அவசரமாகப் பார்க்க வேண்டியவர்கள் அம்மாவோடு பிறந்தவர்கள். பெரியம்மா, சித்தி இருந்தால் அடுத்த முறை மதுரை போகும்போது கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். மாமாவையும்தான். வலி இல்லையே என்று அவர்கள் சொன்னால் விடாதீர்கள். சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில், 40 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 100 பேருக்கு ஒருவருக்கு இந்த வகை கிளாக்கோமா இருந்தது. நகரத்திலும் கிராமத்திலும் அதே கணக்குதான். இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அம்மாவுக்கு வந்ததுபோல வலியோ வாந்தியோ வருவதே இல்லை. கோணம் ஓசையில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டே போகும். பக்கப் பார்வை கரைந்து, நடுப்பார்வை கடைசியில் போகும்போதுதான் தெரியவரும்.

லேசர் ஆகும்வரை இன்னும் சில நாள் இருக்கிறதே, அதுவரை அம்மா சாயங்காலத்தில் நல்ல வெளிச்சத்தில் உட்காரட்டும். எல்.இ.டி. பல்பு ஒன்றை அவர் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே மாட்டிவிடுங்கள். கூடையை மடியிலிருந்து ஒரு ஸ்டூலுக்கு ஏற்றிவிட்டால் தலை அவ்வளவு குனியாது. இருட்டில் கைப்பேசி பார்ப்பதும் வேண்டாம். இதெல்லாம் ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். லேசருக்கு இது ஈடாகாது. வலது கண்ணில் வலியோ வானவில் வட்டமோ புகை மூட்டமோ வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், எந்த நேரமானாலும் கிளம்பிவிடுங்கள். வழியில் எந்த மருத்துவமனையில் நிறுத்தினாலும், “இடது கண்ணில் கோணம் அடைத்து அழுத்தம் 54 வந்தவர், வலது கண்ணுக்கு இன்னும் லேசர் ஆகவில்லை” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இதை ஒரு தாளில் எழுதி அம்மாவின் பர்ஸில் வைத்துவிடுங்கள். இன்னொரு தடவை யாரும் பித்தம் என்று சொல்ல வாய்ப்பு வராது.

கண் சோதனையின்போது பாப்பாவை விரிக்கும் சொட்டு விட வந்தாலும், வலது கண்ணுக்கு லேசர் ஆகவில்லை என்பதைச் சொல்லிவிட்டு விடச் சொல்லுங்கள்.

லேசர் முடிந்ததும், கோணம் திறந்துவிட்டதா என்று கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். இடது கண்ணின் பார்வைப் பரப்புச் சோதனை எடுத்தபின் அந்தத் தாளின் படத்தையும் அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு லென்ஸ் அறுவை சிகிச்சையை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று பேசலாம்.